அப்பாவோடு ஒரு ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ந்த பிள்ளைகள் ஏதாவது ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவை நெருங்கப் பார்க்கும்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல் இருக்கின்றன. அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். செஸ், கேரம், சீட்டு, போர்டு கேம், வீடியோ கேம் எல்லாம் இதில் வரும். முன்பே சொன்ன விஷயத்துக்குக் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருப்பதால், முதல்முறை வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அப்பாவும் நானும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசிக்க மாட்டோம். சேர்ந்து விளையாடினா எல்லாம் சரியாகிடுமா?

எல்லாம் சரியாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பேச்சு வராத இரண்டு பேர் அரை மணி நேரம் சங்கடமில்லாமல் எதிரெதிரே உட்கார இதைவிட எளிய வழி இல்லை. இருவர் கண்ணும் பலகையில் இருக்கும். வாயைத் திறக்காவிட்டால் யோசிக்கிறார் என்று அர்த்தமாகிவிடும். அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதை விதியே சொல்லிவிடும்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கல்யாணம், வேலை, மருத்துவப் பரிசோதனை என்று மனதில் வைத்திருந்த பேச்சை ஆட்டத்தின் நடுவே எடுத்துவிடுவார்கள். ஒருமுறை அப்படி நடந்தால், அடுத்த முறை பலகையைப் பார்த்ததுமே அப்பா சுதாரித்துக்கொள்வார். அவராக எடுத்தால் பேசுங்கள், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் கை காய்களை மறுபடி அடுக்கப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போனால் அன்றைய நாள் நல்ல நாள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கையைக் குறிவைத்தவைதான்.

2. எந்த விளையாட்டுல ஆரம்பிக்கறது?

அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததில். உங்களுக்குப் பிடித்ததை அறிமுகப்படுத்துவது இரண்டாம் கட்டம். "சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் "என்னத்தையோ விளையாடினோம்" என்று முடித்துவிடுவார். "கேரம்ல ரெட் போட்டு ஃபாலோ விழலைன்னா ரெட்டை எங்க வைக்கணும்?" என்பது போல ஒரு விதியைக் கேளுங்கள். விதி தெரிந்தவருக்குச் சும்மா இருக்க முடியாது.

அவருக்கு எதுவுமே பழக்கமில்லை என்றால் இரண்டே பேர் போதும் என்கிற, அரை மணிக்குள் முடிகிற விளையாட்டாகத் தேடுங்கள். சீட்டில் ஜின் ரம்மி நல்ல தொடக்கம்: ஒரே கட்டு, ஆளுக்கு 10 சீட்டு, ஒரு கை சில நிமிடத்தில் முடிந்துவிடும். போர்டு கேமில் கார்கசோன், டிக்கெட் டு ரைட் இரண்டையும் இரண்டு பேர் நிறைவாக ஆடலாம். பெயரைக் கேட்டுக் கட்டானை வாங்கிவிடாதீர்கள். அதன் அடிப்படைப் பெட்டி 3 அல்லது 4 பேருக்கானது. பேரம் பேசுவதுதான் அதன் உயிர் என்பதால் இரண்டு பேர் ஆடினால் சப்பென்று இருக்கும்.

3. "வாங்கப்பா விளையாடலாம்"னு கூப்பிட்டா "வேலை இருக்கு"ங்கறார். என்ன பண்றது?

அழைப்பு பெரிதாக இருந்தால் மறுப்பதும் எளிது. எவ்வளவு நேரம் பிடித்து வைக்கப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. "ஒரே ஒரு போர்டு" என்று அளவு சொல்லிக் கூப்பிடுங்கள், சொன்னபடி ஒன்றோடு எழுந்துவிடுங்கள்.

அழைக்காமலே இழுக்கும் வழியும் உண்டு. அவர் தினமும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் செஸ் பலகையை வைத்து, "வெள்ளை ஆட்டம், இரண்டு நகர்வில் மேட்" என்கிற புதிர் ஒன்றை அடுக்கி, அந்த வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். விடையைச் சொல்லாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள். மறுநாள் ஒரு காய் இடம் மாறியிருந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஐந்தாறு காய்க்கு மேல் இல்லாத புதிராகத் தேர்ந்தெடுங்கள். கூட்டமான பலகை பழக்கம் விட்டுப்போனவரை மிரட்டும்.

4. ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் ஆடலாம்?

முப்பது, நாற்பது நிமிடம். சலித்த பிறகு நிறுத்துவதைவிட இன்னொன்று ஆடலாமா என்று தோன்றும்போது எழுவது மேல். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அழைக்கிற வேலையும் இல்லை, மறுக்கிற வேலையும் இல்லை.

5. பரண்ல இருந்த பழைய கேரம் போர்டை எடுத்தோம். காயே ஓட மாட்டேங்குது. அப்பா ரெண்டு அடி அடிச்சுட்டு எழுந்து போயிட்டார்.

நன்றாக ஆடிப் பழகியவருக்கு ஓடாத போர்டு உடனே எரிச்சல் தரும். கூப்பிடுவதற்கு முந்தின நாளே சரிபார்த்து வைத்துவிடுங்கள். முதலில் மட்டம். பலகையின் நடுவில் ரசமட்டத்தையோ போனில் உள்ள மட்டம் பார்க்கும் கருவியையோ வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். சரிவு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் மடித்த அட்டை கொடுங்கள். பிறகு நீளமான ஸ்டீல் ஸ்கேலைப் பலகை மேல் செங்குத்தாக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். நடுவில் கீற்றாகத் தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்தே பல ஆண்டு போன பலகைக்கு இது சகஜம். கொஞ்சமாக இருந்தால் தட்டையாகப் படுக்க வைத்தால் ஓரளவு மீளும்; அதிகமாக இருந்தால் வேறு பலகைதான்.

அடுத்தது பரப்பு. ஈரத்துணி, எண்ணெய், மெழுகு எதுவும் படக்கூடாது. உலர்ந்த பருத்தித் துணியால் பழைய பவுடரை முழுக்கத் துடைத்து, மூலை பாக்கெட் ஓரங்களில் அடைந்திருப்பதையும் எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை புதுப் பவுடரை நடுவில் தூவி உள்ளங்கையால் பரப்புங்கள். ஓடவில்லை என்று மேலும் மேலும் கொட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. பவுடர் கட்டிப்படும் இடத்தில் காய் திசை மாறும். மழைநாளில் பவுடரும் ஈரம் இழுத்துக்கொள்ளும், டப்பாவை இறுக மூடி வையுங்கள். போரிக் பவுடர் என்றால் ஆட்டம் முடிந்ததும் கை கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது.

கடைசியாகக் காய். 9 வெள்ளை, 9 கருப்பு, 1 ரெட். தொலைந்ததற்கு வேறு செட்டிலிருந்து சேர்த்திருந்தால் தடிமன் ஒத்துப்போகாமல் அடி மாறும். ஒரே செட் முழுதாக வாங்குவது நல்லது. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, குறுக்களவு 4.13 செ.மீ.க்கு மேல் கூடாது. குழந்தைகள் செட்டில் வரும் எடையற்ற ஸ்ட்ரைக்கர் பெரிய பலகையில் எடுபடாது. பலகையின் உள்பக்கம் 74 செ.மீ. சதுரம் இருந்தால் முழு அளவு. அதற்கு மேலே கண்ணில் கூசாதபடி மறைப்பு போட்ட விளக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். வயதான கண்ணுக்குக் கருப்புக் காயின் விளிம்பு தெரிவதே அந்த வெளிச்சத்தில்தான்.

6. செஸ்ல அவர் சொல்ற விதி வேற, ஆப்ல இருக்கற விதி வேற. சண்டையே வருது.

வீட்டு விதிகள் பல உண்டு. தொடக்கத்தில் ஒரே முறையில் இரண்டு சிப்பாயை நகர்த்துவது ஒன்று. கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய் அந்தக் கட்டத்துக்குரிய காயாகத்தான் மாறும் என்பது இன்னொன்று. சர்வதேச விதியில் முதலாவது கிடையாது. சிப்பாய் எங்கே ஏறினாலும் ராணி, யானை, பிஷப், குதிரை எதுவாகவும் மாறலாம், ராணி பலகையில் இருக்கும்போதே இன்னொரு ராணி வரலாம். காஸ்லிங்கில் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) ராஜா செக்கில் இருக்கக்கூடாது, செக் விழும் கட்டத்தைத் தாண்டக்கூடாது, அதில் போய் நிற்கவும் கூடாது. யானைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நகர்த்த எதுவுமில்லாமல், செக்கும் இல்லாமல் ராஜா மாட்டிக்கொண்டால் அது டிரா.

விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஆட்டத்தின் நடுவில் போனை எடுத்துக் காட்டாதீர்கள். காய் அடுக்கும்போதே "இன்னிக்கு உங்க விதியா, போட்டி விதியா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் விதியில் ஆடுவதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அவர் ஆட்டங்களை எழுதி வைத்த பழைய நோட்டு இருந்தால் அதில் 'பி-கே4' என்பது போல எழுதியிருக்கலாம். அது பழைய குறிமுறை. கட்டங்களை ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். வெள்ளை எழுதிய பி-கே4 இன்றைய இ4. கருப்பு எழுதிய அதே பி-கே4 இன்றைய இ5. இது தெரிந்தால் அந்த நோட்டை எடுத்துவைத்து அவருடைய ஆட்டம் ஒன்றைப் பலகையில் நகர்வு நகர்வாக ஓட்டிப் பார்க்கலாம். அப்பாவுக்கு இதைவிட நல்ல மாலை அமைவது அரிது.

7. எங்க ரெண்டு பேர் ஆட்டத்துக்கும் ரொம்ப வித்தியாசம். ஒருத்தரே ஜெயிச்சிட்டிருந்தா சலிச்சுடாதா?

கண்டிப்பாகச் சலிக்கும். அதற்குத்தான் சலுகை கொடுத்து ஆடும் வழக்கமே இருக்கிறது. செஸ்ஸில் முதல் படி நேரம்: கடிகாரத்தில் பலம் குறைந்தவருக்கு 10 நிமிடம், மற்றவருக்கு 5. அது போதாவிட்டால் பலமானவர் கருப்பு எடுத்து, எஃப்7 சிப்பாயை அகற்றிவிட்டு ஆடலாம். அதற்கடுத்து ஒரு குதிரை, பிறகு ஒரு யானை, கடைசியில் ராணி. ஒருவர் தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்றால் ஒரு படி ஏறுவது, தோற்றால் இறங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் இருக்கிறோம் என்பதே ஒரு தனிப் போட்டியாகிவிடும்.

கருப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையில் வைத்து ஆடும் 'கோ' விளையாட்டில் இது விதியிலேயே உண்டு. பலம் குறைந்தவர் 2 முதல் 9 கல் வரை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். கேரத்தில் 25 புள்ளி ஆட்டத்தை ஒருவர் 8 புள்ளியிலிருந்து தொடங்கலாம். ஸ்கிராபிளில் முந்தைய மூன்று ஆட்டத்தின் சராசரி வித்தியாசத்தில் பாதியை முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

8. சலுகைன்னா அப்பாவுக்கு ரோஷம் வரும். பேசாம நானே வேணும்னு தோத்துடட்டுமா?

வேண்டாம். நேராக விழ வேண்டிய காயை நீங்கள் தவறவிடுவதைப் பல வருடம் கேரம் ஆடியவர் உங்கள் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். தன்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான் என்று தெரிந்த பிறகு அந்தப் பலகைக்கு அவர் திரும்புவது கஷ்டம். ரோஷம் வராமலிருக்கச் சலுகையை உங்கள் மீது போட்டுக்கொள்ளுங்கள்: "எனக்கு அவசரமா ஆடிப் பழகணும், நான் 5 நிமிஷம் வெச்சுக்கறேன்." நேரச் சலுகை முதல் படியாக இருப்பதற்கு இதுவும் காரணம். பலகையில் அவருடைய காயும் உங்களுடைய காயும் சமமாகவே நிற்கும்.

9. தோத்தா முகம் சிவந்துடுது. ஒரு தடவை காயையெல்லாம் கலைச்சுட்டே போயிட்டார்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். "விளையாட்டுதானே அப்பா" என்பது எரிகிற இடத்தில் உப்பு. எந்த நகர்வில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று விளக்கவும் வேண்டாம். அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கு நீங்கள் பலகையை எடுத்தால் போதும்.

வடிவத்தை மாற்றினாலும் சூடு குறையும். தனித்தனி ஆட்டத்தை எண்ணாமல் பதினைந்து ஆட்டத் தொடர் என்று வைத்தால் ஒரு தோல்வி சிறிதாகத் தெரியும். அல்லது இருவரும் ஒரே பக்கம் நின்று விளையாட்டை எதிர்க்கும் கூட்டு விளையாட்டுக்குப் போங்கள். 2008-ல் வந்த பாண்டமிக் அந்த வகையில் பெயர்பெற்றது. நான்கு நோய்களுக்கும் மருந்து கண்டுபிடித்தால் இருவருக்கும் வெற்றி. தொடக்கத்தில் நோயைத் தீவிரமாக்கும் பரவல் சீட்டு நான்கு மட்டும் சேர்த்து ஆடுங்கள். ஐந்து வழக்கமான கடினம், ஆறு மிகக் கடினம். முதல் மாலையே ஆறு போட்டுத் தோற்றால் அந்தப் பெட்டி மறுபடி திறக்காது.

10. ஆடும்போதே "அங்க வைக்காதே, இங்க வை"ன்னு பாடம் எடுக்கறார். எனக்கு ஆட்டமே இல்லாம போகுது.

சொல்லிக்கொடுப்பது பல அப்பாக்களுக்குத் தெரிந்த ஒரே பாச மொழி. அதை அடைக்காமல் அதற்கென ஓர் இடம் ஒதுக்குங்கள். செஸ் என்றால் நகர்வுகளை எழுதிக்கொண்டே ஆடுங்கள். முடிந்த பிறகு "எனக்கு மூணு இடம் புரியலை, காட்டுங்க" என்று அவரிடம் தாளைக் கொடுங்கள். தனக்கு நேரம் வரும் என்று தெரிந்தால் நடுவில் பேசுவது தானாகக் குறையும்.

கூட்டு விளையாட்டில் இந்தப் பழக்கம் இன்னும் கெடுதல். பாண்டமிக்கில் எல்லாச் சீட்டும் எல்லோருக்கும் தெரியலாம் என்பதால் ஒருவரே இருவருக்கும் முடிவெடுத்துவிட முடியும். அதற்கு மாற்று ஹனாபி. அதில் உங்கள் சீட்டின் முகம் எதிரே இருப்பவருக்கு மட்டும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. குறிப்பு கொடுக்க எட்டு வில்லைதான், ஒரு குறிப்பில் ஒரு நிறம் அல்லது ஓர் எண் மட்டும் சொல்லலாம். அப்பா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய உங்களை நம்பியே ஆக வேண்டும்.

11. அவரை வீடியோ கேம் ஆட வைக்கணும்னு ஆசை. ஆனா கன்ட்ரோலரைக் கொடுத்தா கேமரா வானத்தைப் பாத்துட்டு நிக்குது, ஆள் சுவத்துல முட்டிட்டு நிக்கறான்.

இடது குச்சியால் நடப்பது, வலது குச்சியால் பார்ப்பது என்று இரண்டு கட்டைவிரலும் வேறு வேறு வேலை செய்வது பிறவியிலேயே வராது. நீங்கள் அதைச் சிறுவயதில் பல மாதம் பழகியிருப்பீர்கள், ஞாபகம் இருக்காது. எனவே படிப்படியாகப் போங்கள். முதலில் கேமராவே இல்லாத விளையாட்டு: டெட்ரிஸ், பக்கவாட்டில் ஓடும் பழைய மரியோ வகை, கையை வீசி ஆடும் பௌலிங். அடுத்து கேமரா தானே நகரும் கார் பந்தயம். மரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஸ்மார்ட் ஸ்டீயரிங், தானியங்கி வேகம் இரண்டையும் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டு விழாது, திருப்புவது மட்டும் அவர் வேலை. அதில் கை பழகிய பிறகே இரண்டு குச்சியும் தேவைப்படும் விளையாட்டு. இட் டேக்ஸ் டூவைப் புதியவர்களுக்குப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். இருவர் மட்டுமே ஆடக்கூடிய அருமையான விளையாட்டுதான், ஆனால் தாவுவதும் கேமராவும் சேர்ந்த கடைசிப் படி அது. கதை விவாகரத்தை நோக்கிப் போகும் ஒரு தம்பதியைப் பற்றியது. உங்கள் வீட்டில் அது நோகும் இடமென்றால் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் உட்காருவதற்கு முன் செட்டிங்கைச் சரிசெய்யுங்கள். கேமரா வேகத்தைப் பாதியாக்குங்கள், மோஷன் பிளர், கேமரா குலுங்கல் இரண்டையும் அணையுங்கள், சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், டிவியில் கேம் மோடைப் போடுங்கள். கேம் மோடு இல்லாவிட்டால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே தாமதம் வரும், அவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். குச்சியை மேலே தள்ளினால் பார்வை மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்றும் கேளுங்கள். பழைய விமான விளையாட்டுகளில் பழகியவர்களுக்குத் தலைகீழ்தான் இயல்பு.

"எக்ஸை அழுத்துங்க" என்று சொல்லாதீர்கள். எக்ஸ்பாக்ஸில் எக்ஸ் இடப்பக்கம், நிண்டெண்டோவில் மேலே, பிளேஸ்டேஷனில் அந்தக் குறி கீழே. "கீழ்ப் பட்டன்", "வலப் பட்டன்" என்று இடத்தைச் சொல்லுங்கள். முக்கியமாக, அவர் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி நீங்கள் தாண்டிக்காட்டாதீர்கள். எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷன் 5-லும் இரண்டு கன்ட்ரோலரை ஒரே ஆட்டக்காரராக இணைக்கும் வசதி இருக்கிறது. அவர் நடக்க, நீங்கள் கேமராவைப் பார்த்துக்கொள்ளலாம்.

12. பத்து நிமிஷத்துல தலை சுத்துதுன்னு படுத்துட்டார்.

கண் நகர்கிறது என்கிறது, உடம்பு நகரவில்லை என்கிறது. அந்த முரண்தான் காரணம். பழகினால் போய்விடும் என்று அன்றே தொடரவிடாதீர்கள், குமட்டலோடு அந்த விளையாட்டின் பெயர் மனதில் ஒட்டிக்கொள்ளும். அறை விளக்கைப் போட்டு, திரையிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பார்வைக் கோணத்தை அகலமாக்குங்கள், நடக்கும்போது தலை ஆடும் அமைப்பு இருந்தால் அணையுங்கள். ஆள் கண்ணின் வழியே பார்க்கும் விளையாட்டைவிட ஆளின் முதுகுக்குப் பின்னால் கேமரா நிற்கும் விளையாட்டு பலருக்குத் தாங்கும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கேமரா அசையாத வகையிலேயே இருந்துவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

13. கண்ணு சரியா தெரியலை, கையும் லேசா நடுங்குது. ஆடணும்னு ஆசை மட்டும் இருக்கு.

கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள். படிக்கும் கண்ணாடி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கானது. மேசைமேல் இருக்கும் பலகையும் எதிர்ச்சுவரில் இருக்கும் டிவியும் அந்தத் தூரத்தில் இல்லை. எந்தத் தூரத்தில் ஆடுகிறார் என்று அளந்து கண் மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்பப் பார்த்துக் கொடுப்பார்.

செஸ்ஸுக்கு 5.5 செ.மீ. கட்டமும் 9.5 செ.மீ. உயர ராஜாவும் கொண்ட போட்டி அளவு செட், அடியில் எடை வைத்தது. விரல் பட்டாலும் சாயாது. சீட்டுக்கு மூலையில் எண் பெரிதாக அச்சிட்ட கட்டும், சீட்டைச் செருகி நிறுத்தும் மரத்தாங்கியும் கிடைக்கின்றன. வீடியோ கேமில் குச்சியின் டெட் ஸோனை (அசைத்தாலும் பதிவாகாத நடுப்பகுதி) கூட்டினால் சின்ன நடுக்கம் பதிவாகாது. "அழுத்திப் பிடி" என்பதை "ஒருமுறை அழுத்து" என்று மாற்ற முடிகிறதா என்று அணுகல் அமைப்புகளில் தேடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாமை ஆண்களிடம் அதிகம். அப்பா அடிக்கடி தவறான நிறத்தை எடுத்தால் கவனக்குறைவு என்று எண்ணாமல் நிறக்குறைபாட்டு அமைப்பைப் போட்டுப் பாருங்கள்.

14. அவர் ஒரு ஊர், நான் ஒரு ஊர். போன்ல "சாப்டியா"வுக்கு மேல போகலை.

தூரத்துக்கு மிகவும் ஏற்றது கடித முறை செஸ். இலவசமான, விளம்பரமில்லாத லிசெஸ் தளத்தில் இருவரும் கணக்குத் தொடங்கி, ஒரு நகர்வுக்கு 1 முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்து ஆடலாம். மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் என்றால் மறந்துபோய்த் தோற்பது நடக்கும், பதினான்கு என்றால் சூடு ஆறிவிடும். ஒரே சமயத்தில் இரண்டு ஆட்டம், ஒன்றில் அவர் வெள்ளை, மற்றதில் நீங்கள். அவர் எழுந்ததும் பார்க்கிற நேரம், நீங்கள் தூங்கப்போகுமுன் பார்க்கிற நேரம் என்று ஆளுக்கு ஒரு வழக்கம் அமைந்துவிடும். நேரலையாக ஆடும்போது மட்டும் போனை ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள்.

செஸ் பிடிக்காதவருக்கு ஃப்ரீசெல், திரையில் ஒருவர் தனியாக ஆடும் சீட்டாட்டம். ஆட்ட எண்ணைத் தேர்ந்தெடுக்க விடும் செயலியாகப் பார்த்து, இருவரும் ஒரே எண்ணைப் போடுங்கள், சீட்டு ஒரே மாதிரி விழும். யார் குறைந்த நகர்வில் முடித்தார் என்று இரவில் ஒப்பிடலாம். பழைய விண்டோஸில் வந்த 32,000 ஆட்டங்களில் 11982-ம் எண் மட்டும் தீர்க்க முடியாதது. அதை எச்சரிக்காமல் அனுப்பாதீர்கள், அப்பா பிடிவாதக்காரர் என்றால் தூக்கம் போய்விடும்.

கணினியில் ஒரே திரையில் இருவர் ஆடும் விளையாட்டு என்றால் ஸ்டீமின் ரிமோட் பிளே டுகெதர் உதவும். ஒருவரிடம் விளையாட்டு இருந்தால் போதும், மற்றவர் திரையை வாங்கி ஆடலாம். நடத்துபவரின் அப்லோடு வேகம் குறைந்தால் படம் உடையும் என்பதால் நல்ல இணைப்பு இருப்பவர் நடத்துங்கள்.

15. கல்யாணத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் கேம் பைத்தியமா இருந்தாராம். அதையே திரும்ப எடுக்கலாமா?

தாராளமாக. 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷனாகத் திரும்ப வந்து இன்றைய கணினிகளில் ஓடுகிறது. எதிரெதிராக ஆடாமல் இருவரும் ஒரே அணியாகக் கணினியை எதிர்த்து ஆடுங்கள். பழைய குறுக்குவிசைகள் அவர் விரலில் இன்னும் இருக்கும், நீங்கள் கற்றுக்கொள்பவராக இருப்பீர்கள். சில பழைய விளையாட்டுகள் நினைவில் இருந்த அளவு நேரில் நன்றாக இருக்காது. இருபது நிமிடத்தில் அவர் சிரித்துவிட்டு மூடினாலும் ஏமாற வேண்டாம்.

16. காசு வெச்சு ஆடினாத்தான் சுவாரசியம்கறார்.

புள்ளிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள், தேதியோடு. மாதக் கடைசியில் பின்தங்கியவர் பலகையைத் துடைத்துக் காய் எண்ணி அடுக்க வேண்டும் என்று வைத்தால் போதிய சுவாரசியம் வரும். பணம் வந்தால் ஆட்டத்தில் விட்டுக்கொடுப்பதும் கேலியும் போய்விடும்.

அவர் தனியாகப் போனில் பணம் கட்டி ஆடி, கடனை மறைக்கிறார் என்றால் அது வேறு விஷயம். உடன் உட்கார்ந்து ஆடி அதைச் சரிசெய்ய முடியாது. கணக்கை வெளிப்படையாகப் பேசி, மனநல ஆலோசகரிடம் போக வேண்டியது.

17. அண்ணனோட ஆடும்போது மட்டும் உற்சாகமா இருக்கார். நான் பொண்ணு, எனக்கு அவர் எதுவும் சொல்லியே தரலை. இப்ப போய் உட்கார்ந்தா ஒட்டலை.

அவர்கள் இருவருக்கும் நடுவே பல வருடத்து ஆட்டமும் கேலியும் சேர்ந்திருக்கின்றன. அதற்குள் மூன்றாவதாக நுழைவது யாருக்கும் கஷ்டம்தான். மூன்று பேருக்குமே தெரியாத ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து, விதிப் புத்தகத்தை நீங்கள் படித்து விளக்குங்கள். அன்றைக்கு எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறீர்கள், விதி கேட்க அவர் உங்கள் பக்கம் திரும்புவார்.

கேரம் என்றால் நாலு பேர் சேர்ந்து ஜோடி ஆட்டம் போடுங்கள், நீங்கள் அவர் ஜோடி. ஜோடிகள் எதிரெதிரே உட்காருவார்கள், நீங்கள் காயை எங்கே விடுகிறீர்கள் என்பது அவர் ஆட்டத்தையே பாதிக்கும். சொல்லித்தராமல் அவரால் இருக்க முடியாது. ஏன் சின்ன வயதில் சொல்லித்தரவில்லை என்ற கேள்வி நியாயமானது. கேட்க வேண்டும் என்று தோன்றினால் தனியாக, பலகை இல்லாத வேளையில் கேளுங்கள். 1-ல் சொன்ன காரணம் இங்கேயும் பொருந்தும்.

18. ஞாபகமறதி ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆட்டத்தை நிறுத்திடணுமா?

நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். இளம் வயதில் கையோடு பழகியவை புதிதாகக் கற்றவற்றைவிட நீண்ட நாள் நிற்பதுண்டு. இப்போது புது விளையாட்டு எதுவும் வேண்டாம். செஸ்ஸில் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் வைத்து ஆடலாம், கேரத்தில் நடுவில் ஆறு காய் போதும், சீட்டில் நிறம் பிரித்து அடுக்குவதே ஓர் ஆட்டம். விதி தவறினால் திருத்தாதீர்கள். யானையை மூலைவிட்டமாக நகர்த்தினால் அந்த நகர்வை ஏற்றுக்கொண்டு அடுத்ததை ஆடுங்கள். அவருக்குத் தெளிவாக இருக்கும் வேளையில் ஆடுங்கள், தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். எரிச்சல் தெரிந்ததும் "எனக்குக் களைப்பா இருக்கு" என்று நீங்கள் எழுந்துகொள்ளுங்கள். நேற்றுவரை ஆடியவர் இன்று திடீரென்று காயையே அடையாளம் காணவில்லை என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

19. பல வருஷமா பேச்சு வார்த்தையே இல்லை. திடீர்னு ஒரு செஸ் அழைப்பு அனுப்பினா தப்பா நினைப்பாரா?

முதலில் உங்களுக்கு அது வேண்டுமா என்று பாருங்கள். அடித்தவர், இழிவுபடுத்தியவர், இன்னும் மாறாதவர் என்றால் பலகையைத் திறக்க வேண்டிய கடமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. சொல்லாமல் விட்டு விலகிப்போன தூரம்தான் என்றால், ஓர் அழைப்பு நீண்ட கடிதத்தைவிட ஏற்க எளிது. பதில் எழுத அவர் சொல் தேட வேண்டியதில்லை, ஒரு சிப்பாயை நகர்த்தினால் போதும்.

14-ல் சொன்ன கடித முறையில், இதற்கு மட்டும் 14 நாள் அவகாசம் வையுங்கள். அவருக்கு வெள்ளை கொடுங்கள். கூடவே ஒரே வரி: "நேரம் கிடைக்கும்போது ஆடுங்கப்பா." பழசு எதையும் அதில் எழுத வேண்டாம். ஏற்காவிட்டால் உடனே இன்னொன்று அனுப்பாதீர்கள். சில மாதம் விட்டு ஒருமுறை அனுப்பலாம், அதற்கு மேல் அவர் விருப்பம். ஏற்று ஆட ஆரம்பித்தால், ஆட்டத்தின் அரட்டைப் பெட்டியில் ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: நல்ல நகர்வு, இதை எதிர்பார்க்கலை, குதிரை போச்சு. முதல் ஆட்டம் முடிந்ததும் மறு ஆட்டத்துக்கு அழைப்பை நீங்கள் அனுப்பாமல் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அவரிடமிருந்தே வந்தால் அவகாசத்தை மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம்.